காதில் கிரிக்கெட், வாயில் விசில்

சித்திரையில் கைப்பந்து, ஆவணியில் கால்பந்து, கார்த்திகையில் ஹாக்கி என்று மாதவாரியாகப் பிரித்து வைத்து ரசிப்பவன் நான். பொங்கலில் மட்டும் இரண்டு ஆட்டங்கள் மோதிக்கொள்ளும். சென்னையில் டெஸ்ட், ஊர்ப்பக்கம் சடுகுடு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காணும் பொங்கலன்று, திருமழபாடியில் கொள்ளிட மணலில் நடந்த சடுகுடு இறுதி ஆட்டத்துக்கு என்னை நடுவராக்கினார்கள். வாயில் விசில், சட்டைப்பையில் டிரான்சிஸ்டர், ஒரு காதில் அதன் ஒயர்.

கடைசிப் பாட்டு. உள்ளூர் செல்வராசு சடுகுடு பாடிப்போய் எதிரணியில் இருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்தான். கோட்டைத் தொட்டால் கோப்பை உள்ளூர் அணிக்கு. அந்த நொடியில் சென்னையில் நம் ஆள் சதம் அடித்தார். என்னை அறியாமல் விசிலை ஊதிவிட்டேன். செல்வராசு கோட்டுக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றான். எதிரணி அவனை அமுக்கியது.

அவன் பக்கக்கோட்டை மிதித்ததாக எல்லோரும் நினைத்தார்கள். பேசாமல் இருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அவன் என்னிடம் வந்து, "கோட்ட மிதிச்சது எனக்கே தெரியலீங்க சார், மன்னிச்சுக்குங்க" என்றான்.

ஒயரை உருவிக் காட்டினேன்.

"நடுவருன்னு கூப்புட்டா ஒத்தக் காதோட வந்திருக்காரு பாரு!" என்று கூட்டம் கத்தியது. எதிரணித் தலைவர் மட்டும் கிட்டே வந்து, "ஸ்கோர் என்னங்க சார்?" என்றார்.

மறுபடி பாடவிட்டார்கள். இம்முறை செல்வராசு முறைப்படியே பிடிபட்டான். கோப்பை போயிற்று. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனோ மணலைத் தட்டிக்கொண்டு வந்து, "இது நானா தோத்தது சார், போவட்டும் விடுங்க" என்று சிரித்தான்.

தோல்விகூட ஒருவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதை இத்தனை வருடம் கேட்ட வர்ணனையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.