பிங் போட்டால் பதில் வருகிறது, பேப்பர் வரவில்லை

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறக்கும் நாளில் எங்களைப் போன்ற ஃபீல்டு சப்போர்ட் ஆட்களுக்கு ஓய்வே இருக்காது. எல்லா மிஷினையும் ஆஃப் செய்து, துடைத்து, பொட்டு வைத்து, திரும்ப ஆன் செய்திருப்பார்கள். ஏதாவது ஒன்று முரண்டு பிடிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அப்படி ஒரு காலையில் அம்பத்தூர் கிளை ஒன்றுக்குப் போனேன். தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த ஊழியர்களை அனுப்பும் நிறுவனம் அது. மணி பத்தே முக்கால்.

"நாலு சிஸ்டத்துலயும் பிரிண்டர் ஆஃப்லைன்னு வருதும்மா. மொதல்ல இவங்க லெட்டரை மட்டும் எடுத்துக் குடுத்துடு" என்றார் மேனேஜர் செல்வகுமார்.

'இவங்க' என்றது மேனாம்பேட்டிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லாவை. திருமழிசையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. கையெழுத்தும் சீலும் போட்ட கடிதத்தோடு மதியம் ஒரு மணிக்குள் கேட்டில் நிற்க வேண்டும். தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பன்னிரண்டு மணிக்காவது பஸ் ஏற வேண்டும்.

"வெளியே ஜெராக்ஸ் கடையில எடுத்துடலாமே சார்?"

"சாஃப்ட்வேர்லேருந்து நேரா பிரிண்டருக்குத்தாம்மா போகும். பிடிஎஃப்பா எடுக்க ஹெட் ஆபீஸ்ல பெர்மிஷன் வாங்கணும். இன்னைக்குள்ள வராது."

யூஎஸ்பி கேபிளை நேராகச் சொருகலாம் என்று தேடினேன். ஆபீஸ் அசிஸ்டென்ட் ஏழுமலை அண்ணன் தலையைச் சொறிந்தார். "அது சும்மா தொங்கிகினு இருந்துச்சு மேடம். பூஜைக்குக் கூட்டசொல்ல பழைய சாமானோட எடைக்குப் போட்டுட்டேன்."

பிரிண்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்தைய விசிட்டில் குறித்துவைத்த, நெட்வொர்க்கில் அதற்கான ஐபி முகவரி என் நோட்டில் இருந்தது. கடைசி எண் 24. அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரிலிருந்து பிங் போட்டேன். உடனே பதில் வந்தது. நெட்வொர்க் சரி, கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று முடிவு கட்டினேன். கியூவில் நின்ற ஜாப்களை அழித்தேன். ஜாப்களை வரிசையாக பிரிண்டருக்கு அனுப்பும் ஸ்பூலரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். பிரிண்டருக்கான டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். எதற்கும் மசியவில்லை. ஆனால் பிங் போட்டால் மட்டும் சமர்த்தாகப் பதில் வந்தது.

மணி பதினொன்றரை. ஸ்டெல்லா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், ஆவுமா ஆவாதா? சொல்லிட்டீங்கன்னா இப்பவே அவங்களுக்குப் போன் போட்டு கெஞ்சிப் பாக்குறேன். ரெண்டு வருசமா ஊட்லயே குந்திகினு கீறேன்."

"ஆயிடும்க்கா" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

இருப்புக் கொள்ளாமல் மேனேஜர் டீ சொல்லக் கீழே இறங்கிப் போனார். சற்று நேரத்தில், திரையில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த பிங் பதில் நின்றுபோனது. பிரிண்டரைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. அதன் நெட்வொர்க் கேபிளை அசைத்தேன், ஒன்றும் மாறவில்லை. மேனேஜர் டீயோடு படியேறி வந்தார். பதிலும் வந்தது.

ஏழுமலை அண்ணன் சிரித்துவிட்டார். "இன்னா சார் இது, நீ போனா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குது, வந்தா பேசுது. உன் ஊட்டம்மா கணக்கா கீது!"

"யோவ், இருக்கிற டென்ஷன்ல நீ வேற!"

நானும் சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றது.

"சார், உங்க போன் ஆபீஸ் வைஃபைல இருக்கா?"

போனை வாங்கி செட்டிங்ஸில் பார்த்தேன். ஐபி முகவரியின் கடைசி எண் 24.

பிரிண்டருக்கு நிரந்தர முகவரி எதுவும் வைக்கப்படவில்லை. ரௌட்டர் கொடுப்பதுதான் முகவரி. பூஜைக்காக ரௌட்டரையும் பிரிண்டரையும் ஆஃப் செய்திருக்கிறார்கள். காலையில் ரௌட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டபோது, பிரிண்டரின் பழைய முகவரி மேனேஜரின் போனுக்குப் போய்விட்டது. அவ்வளவு நேரமும் நான் பிங் போட்டது அவர் சட்டைப் பைக்கு!

சாமந்தியை நகர்த்தி, பிரிண்டரின் பேனலிலேயே, அதன் விவரங்களை அச்சிட்டுத் தரும் கான்ஃபிகரேஷன் பேஜ் எடுத்தேன். புதிய முகவரி 31 என்று முடிந்தது. ஒரு சிஸ்டத்தில், பிரிண்டரின் முகவரி பதிந்திருக்கும் போர்ட்டை அதற்கு மாற்றிப் பிரிண்ட் கொடுத்தேன். ரோலர் சுழலும் சத்தம் கேட்டது. பேப்பர் சூடாக வந்து விழுந்தது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

மேனேஜர் நின்றபடியே கையெழுத்துப் போட்டு சீல் குத்தினார். "வா தாயி, பஸ் ஸ்டாப்புல வுட்டுர்றேன்" என்று ஏழுமலை அண்ணன் வண்டிச் சாவியை எடுத்தார். ஸ்டெல்லா ஓடியே போய்விட்டார்.

பிறகு மற்ற மூன்று சிஸ்டங்களையும் சரிசெய்தேன். ரௌட்டர் வேறு யாருக்கும் கொடுக்க முடியாத ஒரு நிரந்தர முகவரியைப் பிரிண்டருக்கு வைத்தேன். ஒரு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மேனேஜரின் போனில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. சத்தமாகவே வைத்தார்.

"சார், உள்ள வுட்டுட்டாங்க சார். அந்த மேடமாண்ட சொல்லிடுங்க."

ஆறிப்போன டீயை அப்போதுதான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிங்குக்குப் பதில் வந்தால், அந்த முகவரியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது பிரிண்டர் என்று அர்த்தமில்லை. முதலில் எழுந்து மிஷின் பக்கத்தில் போய், அதன் முகவரியை அதனிடமே கேளுங்கள். கான்ஃபிகரேஷன் பேஜ் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஸ்டெல்லாவிடம் இருந்த நேரத்தில் முக்கால்வாசியை நான் தீர்த்திருந்தேன்.