கண்ணாடிப் பெட்டியில் ஒரு விரால்

நண்பர்களே, மனம் ஆறுமுன் இந்த அஞ்சலட்டையை எழுதிவிடுகிறேன்.

மீன் வளர்க்கவென்று நாகர்கோவிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வாங்கியிருந்தேன். இன்று காலை தக்கலைச் சந்தையில், பானைத் தண்ணீரில் உயிர்மீன் விற்ற பெண்ணிடம், "உள்ளதிலே பெருசு ஒண்ணு எடு" என்றேன். வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்க்கவேண்டும் என்ற ஆசை.

"கறிக்கா சாரே?"

"வளர்க்க."

அவள் ஒரு விராலைத் தூக்கி என் முழங்கையோடு சேர்த்து அளந்தாள். "பெட்டி எவ்வளவு நீளம் உண்டு?"

"இது கொள்ளும்."

கொண்டது. மூக்கு ஒரு கண்ணாடியில், வால் எதிர்க் கண்ணாடியில்.

வந்தவர்கள் நின்று பார்க்கத்தான் செய்தார்கள். மூன்று பேரும் கேட்டது ஒன்றே: "எப்பம் சாரே கறி?"

என் மனைவி மட்டும் வேறு சொன்னாள். "இதுக்குத் திரும்ப இடமில்லல்லா."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை.

மாலையில் குளத்தில் விட்டேன். கரையோரத்திலேயே ஒரு முழு வட்டம் திரும்பிவிட்டு ஆழத்துக்குப் போயிற்று. எனக்குக் காட்டத்தான் திரும்பியது என்று பட்டது.

பெட்டி காலி. விரல் நீள மீன் யார் வீட்டுக் கிணற்றில் உண்டென்று எழுதுங்கள். கறி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.