அத்தை கேட்ட ஒரு ஓவர்

பச்சையும் மஞ்சளுமாக ஒயர் பின்னிய இரும்பு நாற்காலி ஒன்று அண்ணன் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஒயர் இரண்டு இடத்தில் அறுந்து, அறுந்த இடத்தில் யாரோ நீல ஒயரைக் கோத்து முடிந்திருக்கிறார்கள். சோபா வந்துவிட்டது, சுவர் அகலத்துக்கு டிவி வந்துவிட்டது, அந்த நாற்காலியை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை. அது அத்தையின் நாற்காலி. அத்தை மேல் உள்ள பாசத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் காட்டிச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை இருக்கிறது, அதற்காக வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் மேட்ச் தொடங்கினால் போதும், அந்தக் கதை வெளியே வந்துவிடும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவள். காலையிலிருந்து டிரைவர்களோடும் ஏஜெண்டுகளோடும் போனில் கத்திக் கத்தி, மெல்லப் பேசுவது எனக்கு மறந்தே போய்விட்டது. இதையும் மெல்லச் சொல்லப் போவதில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. மல்லசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தபோது அத்தைக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பிள்ளையும் இல்லை. எங்கள் தோட்டத்து வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவிடம் அப்போது ஒரு ரிக் லாரி இருந்தது. ஊர் ஊராகப் போய் தண்ணீருக்கு ஆழ்துளை போர் போட்டுக் கொடுக்கும் தொழில். எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் என்று எவனுக்கும் தெரியாத தொழிலில் ராசி பார்க்காமல் முடியாது என்பார் அப்பா. வண்டி கிளம்பும்போது டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து அனுப்புவார்கள். அந்த நேரத்தில் அத்தை பின்கட்டை விட்டு வெளியே தலைகாட்ட மாட்டார். வராதே என்று யாரும் சொன்னதில்லை. புருசன் இல்லாதவர் வண்டிக்கு எதிரே வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். போர் போட்டு வெறும் புழுதி வந்துவிட்டால், கிளம்பும்போது யார் எதிரே வந்தது என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். கல்லையும் மண்ணையும் விசாரிக்க மாட்டார்கள்.

சுற்றுவட்டத்தில் எங்கள் வீட்டில்தான் முதலில் டிஷ் வந்தது. ஆஸ்திரேலியாவில் மேட்ச் நடந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கே கூடம் நிறைந்துவிடும். அப்பா, அண்ணன், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், ரிக் வேலைக்காரர்கள். மார்கழிப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். அம்மாவும் அத்தையும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். டீ கொண்டுவருகிறவர்கள் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். நின்று பார்ப்பது என்ற பேச்சே கிடையாது.

ஒருநாள் ஆஸ்திரேலியாக்காரர்கள் இரண்டு பேர் நங்கூரம் போட்டு நின்றுகொண்டார்கள். நம் பவுலர்கள் மாறி மாறிப் போட்டும் அசையவில்லை. கூடத்தில் ஒருவர் முகத்திலும் களை இல்லை. அப்போது அத்தை டீத் தட்டோடு உள்ளே கால் வைத்தார். நம் வேகப்பந்து வீச்சாளர் போட்ட பந்து மட்டையின் விளிம்பில் உரசி ஸ்லிப்பில் நின்றவர் கைக்குப் போனது. கூடமே எழுந்து ஆடியது. ரிக் டிரில்லர்தான் முதலில் சொன்னார்.

"பாத்தீங்களாங் முதலாளி? அக்கா காலு வெச்சாங்க, விக்கெட்டு உழுந்துருச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தொழில்காரர் அல்லவா, கணக்குப் போட்டார். அந்த ஒயர் நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"அம்மிணி, கொஞ்சம் இப்படி வந்து உக்காரு."

எங்கள் பக்கம் தங்கையை, மகளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவோம். அத்தை அந்த வீட்டுக்கு வந்த பிறகு, ஆம்பளைகள் இருக்கும் கூடத்தில் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எதிராளி ஆடும்போது, விக்கெட் விழாமல் இழுத்தால், "அத்தையக் கூப்புடு" என்பார்கள். நாற்காலி கதவோரம் வரும். நம்மவர்கள் ஆட வந்தால் நாற்காலி பின்கட்டுக்குப் போய்விடும். அதன் மேல் வெங்காயக் கூடையை வைத்துவிடுவார்கள். அத்தையும் உள்ளே போய்விடுவார். ஒரு மனுசியின் ஆகாத ராசியை எடுத்து அடுத்தவன் மேல் ஏவிவிடுகிற வித்தையை எங்கள் வீட்டில்தான் கண்டுபிடித்தார்கள். எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. ஆகாத ராசி என்றால், உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே ஓடிவருகிற நம் பவுலருக்கும் அது ஆகாதுதானே? எந்த டீம், எந்த நாட்டுக்காரன் என்று அந்த ராசிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அத்தை உட்கார்ந்தும் விக்கெட் விழாமல் போன ஓவர்கள் கொஞ்சமா நஞ்சமா? அதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொண்டார்கள்? பத்து வயதில் இதை நான் அப்பாவிடம் கேட்டேன். "வாய மூடிட்டு ஓரமா உக்காரு" என்றார்.

அத்தைக்கு ராசிக் கணக்கும் வேண்டாம், ரன் கணக்கும் வேண்டாம். பேட்டிங் செய்பவர்களை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. வேகமாக ஓடிவந்து போடுகிறவர்கள்தான் அவருக்கு வேண்டும். பவுலர் திரும்பி நடந்து போவதையே கண் கொட்டாமல் பார்ப்பார். ஓடிவரத் தொடங்கியதும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பந்து கையை விட்டுப் போனதும் மூச்சை விடுவார். மேட்ச் முடிந்து பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொல்வார்.

"கோவத்தையெல்லாம் கைக்குள்ள வெச்சுக்கிட்டு ஓடி வாரான் பாரு சாமி. எறிஞ்சு முடிச்சுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரித் திரும்பி நடக்கறான். அப்படி ஒருக்கா எறிஞ்சு போட்டா, நல்லாத் தூக்கம் வருமாட்ட இருக்குது."

ஆஸ்திரேலியாவின் பவுலர்களில் ஒருவன் நல்ல உயரம். எங்கள் வீட்டில் அவனுக்கு நெட்டையன் என்று பெயர். அவன் போட்டால் பந்து நெஞ்சுக்கு எழும்பும், நம்மவர்கள் துள்ளுவார்கள். கூடத்தில் அவனைத் திட்டாத ஆள் இல்லை. திட்டத் திட்ட அடுக்களையில் இருக்கும் அத்தைக்கு அவனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஏறிக்கொண்டே போனது. ஆனால் அவன் போடும்போது ஆடுவது நம்மவர்கள். அத்தைக்குக் கூடத்தில் இடமில்லை.

அவன் ஆடிய ஒரு மேட்சின் கடைசி நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோற்காமல் நின்று பிடித்தால் போதும் என்ற நிலை. நெட்டையன் பந்தைக் கையில் வாங்கியதும் கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"அண்ணா, அவன் போடறத ஒரே ஒரு ஓவர் பாத்துட்டுப் போயர்றனுங்க."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். வெகு பதமாகச் சொன்னார்.

"கொஞ்சம் உள்ள இரு அம்மிணி. மேச்சு முடியட்டும்."

"செரிங்ணா" என்று சொல்லிவிட்டு அத்தை கட்டுத்தரைக்குப் போய் எருமைக்குச் சோளத்தட்டு அள்ளிப்போட ஆரம்பித்தார். கூடத்து டிவியில் ஆட்டம் வேறு மாதிரிப் போனது. நெட்டையன் ஒருவர் பின் ஒருவராக நம்மவர்களைத் திருப்பி அனுப்பினான். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அத்தை கூடத்துப் பக்கமே வரவில்லை, எருமைக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தார். இப்போது யார் ராசி? எந்த ஆகாதவள் வந்து நின்றாள்? பிட்ச் சரியில்லை என்றார்கள். அம்பயர் சரியில்லை என்றார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

சாயங்காலம் அத்தை என்னைக் கதிரடிக்கும் களத்துக்குக் கூட்டிப்போனார். அண்ணனின் ரப்பர் பந்தை என் கையில் கொடுத்தார்.

"அவன் எப்படி ஓடி வந்தான்னு ஓடிக் காட்டு சாமி."

நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கையைச் சுழற்றிப் போட்டேன். அத்தைக்குத் திருப்தி இல்லை. இன்னும் தூரத்திலிருந்து ஓடச் சொன்னார். இன்னும் கோபமாக ஓடச் சொன்னார். எனக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பந்தை அவரே வாங்கிக்கொண்டார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு களத்தின் அந்தக் கோடிவரை நடந்து போனார். அங்கிருந்து ஓடிவந்தார். கொண்டை அவிழ்ந்துவிட்டது. பந்து கட்டுத்தரையின் தகரத்தில் போய் மோதிய சத்தத்தில் எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தது. என் வாழ்நாளில் அத்தை போட்டு நான் கேட்ட சத்தம் அந்த ஒரு தகரச் சத்தம்தான். கொண்டையை முடிந்துகொண்டே, "இப்படித்தான இருந்திருக்கும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆருகிட்டயும் சொல்லீராத" என்றார். இதுவரை நான் சொன்னதில்லை.

அத்தை போய்ச் சில வருடங்கள் ஆகிறது. அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறமும் அவர் இருந்தவரை எத்தனையோ மேட்ச் வந்தது, கதவோரம் உட்கார்ந்து பார்த்தார். நம்மவர்கள் ஆடும்போது நெட்டையனையும் சரி, அவனுக்குப் பின் வந்தவர்களையும் சரி, ஒரு பந்து அவர் பார்த்ததில்லை. தனியாக ஒரு சின்ன டிவி வாங்கிக் கொடுக்கிறேன் என்று நான் சொன்னபோதும், "எதுக்கு சாமி, அண்ணன் மனசு நோகும்" என்று மறுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த மார்கழியில் அண்ணிக்குக் கண் ஆபரேஷன் ஆகி, நாலு நாள் கூட இருந்து சமைத்துப்போட அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. அண்ணனும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேரும் விடியலிலேயே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள். இடைவேளையில் பழைய பேச்சு ஓடியது. அந்தக் காலத்து பவுலிங் இப்போது எவன் போடுகிறான், நெட்டையனின் பவுன்சருக்கு ஈடு உண்டா, ஹெல்மெட் எப்படிக் கழன்று ஓடியது என்று ஒவ்வொருவரும் தாங்களே அவனை எதிர்கொண்டு ஆடியதுபோலப் பேசினார்கள். அப்புறம் அண்ணன் வாயிலிருந்து வந்தது அந்தக் கதை.

"எங்கத்தையக் கொண்டாந்து அந்தச் சேருல உக்கார வெப்பமுங்க. அடுத்த ஓவருல ஸ்டம்பு பறக்கும். அவ்வளவு பவரு!"

சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரை ஏறிவிட்டது. நான் அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியை வீசி எறிந்திருப்பேன், அடுப்பில் தோசை இருந்ததால் பிழைத்தார்கள்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. எதிராளி இரண்டு பேர் அசையாமல் நின்றார்கள். நம் பவுலர் ஓடி ஓடிப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. தோசைத் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். அண்ணன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒயர் நாற்காலியைக் காலால் கதவோரம் தள்ளிவிட்டார்.

"அம்மிணி, கொஞ்சம் இப்படி வந்து உக்காரு."

அதே வார்த்தை. அதே இடம். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நானும் அவரும் அந்த சோபாவில் உட்கார்ந்துதான் மேட்ச் பார்த்திருக்கிறோம். அப்போது என் ராசியை யாரும் தேடவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு விட்டிருப்பேன். தெரியாமல் வாயில் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தட்டை நங்கென்று டீப்பாய் மேல் வைத்தேன்.

"அடுப்புல வேலை கெடக்குதுங்ணா. நம்மாளுங்க பேட்டிங் வாரப்பக் கூப்புடுங்க. அப்ப வந்து உக்காந்துக்கறேன்."

கூட்டாளிகள் தோசையைப் பார்த்தார்கள்.

"ஏம்புள்ள, சும்மா ஒரு வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்றார் அண்ணன்.

"நானும் வெளையாட்டத்தானுங்க சொல்றேன்" என்றேன்.

அவர் கூப்பிடவில்லை. கூப்பிடுவார் என்று நான் காத்திருக்கவும் இல்லை. மறுநாள் காலை நம்மவர்கள் ஆட இறங்கியதும் அடுப்பை அணைத்தேன். கதவோரம் கிடந்த ஒயர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தின் நட்டநடுவில், டிவிக்கு நேர் எதிரே போட்டேன். நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அம்மிணி, மறைக்குது" என்றார் அண்ணன்.

"தள்ளி உக்காந்து பாருங்க" என்றேன்.

ஆஸ்திரேலியாவின் பவுலர் பந்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பி நடந்தான். நெட்டையன் இல்லை, யாரோ ஒரு புதுப் பையன். ஆனால் அந்த ஓட்டம் அத்தை களத்தில் ஓடிய ஓட்டம்தான். முதல் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது மட்டைக்காரர் நெஞ்சுக்கு எழும்பியது. நான் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மூன்றாவது பந்தில் நடு ஸ்டம்பு சாய்ந்தது.

ஒரு கூட்டாளி தொண்டையைச் செருமினார். அண்ணன் டிவியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"நா எந்திரிக்க மாட்டனுங்ணா" என்றேன்.

அந்த ஓவரில் இன்னும் மூன்று பந்து இருந்தது.