பிரிஸில்லாவின் கேக் போகும் பாதை

பள்ளம் வருவதற்குச் சற்று முன்பே பிரிஸில்லா ஆட்டோ இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிடுவார். மடியிலிருந்த கேக் பெட்டி கைகளுக்கு மாறிவிடும். சக்கரம் இறங்கி ஏறும். அவருடைய முழங்கால்கள் மடங்கி நிமிரும். பெட்டி மட்டும் அசையாது. பிறகு அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

சாந்தோமில், கடற்கரைக்குப் போகும் சந்தில் அவர் வீடு. கேக் கேட்டு வருபவர்களிடம் சாக்லேட்டா, வெனிலாவா என்று அவர் முதலில் விசாரிப்பதில்லை. "ஹால் எங்க கீது? எந்த ரோட்டுல வரணும்?" என்பதே முதற்கேள்வி. அடையாறு என்றால் இரண்டடுக்கு உண்டு. நங்கநல்லூர் என்றால் ஓரடுக்குதான்; அதன் சர்க்கரைப் பூக்களும் தனி டப்பாவில்தான் வரும். மழைக்காலத்தில் ஃப்ரெஷ் கிரீம் கேட்டால் சிரித்துவிடுவார். "வெண்ணெய் கிரீம்தான் நம்ம ரோட்டுக்குத் தாங்கும். ஃப்ரெஷ் கிரீம் வேணும்னா நீங்களே வந்து தூக்கிக்கினு போங்க."

பள்ளங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. குழாய் பதித்தபின் சரியாக மூடப்படாத நீளக் குழி 'வாய்க்கா'. லஸ் கார்னரைத் தாண்டியதும் ஒரு குறுக்குத் தெருவின் நடுவே கிடந்த பெரும்பள்ளத்துக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயரிட்டவர், பிரிஸில்லாவின் வழக்கமான ஆட்டோக்காரர் மெஹபூப் பாஷா. "தூரத்துல பாத்தாலே ஒதுங்கிடணும்க்கா" என்பது அவர் தந்த விளக்கம்.

சென்ற மாதம் பிரிஸில்லாவின் தங்கை மகள் ஜோனுக்குத் திருமணம். வரவேற்பு தியாகராய நகரில். பெரியம்மா கையால் மூன்றடுக்குக் கேக் வேண்டுமென்று ஜோன் பிடிவாதம் பிடித்தாள். "மூணடுக்கா? டி. நகருக்கா?" என்று அலறிய பிரிஸில்லா, மறுநாளே மாவு சலிக்கத் தொடங்கிவிட்டார். வரவேற்பன்று கீழ் அடுக்குகள் இரண்டும் எங்கள் காலடியில் பயணம் செய்தன. சர்க்கரை ரோஜாக்கள் சூழ்ந்த மேலடுக்கு அவர் மடியில் இருந்தது. விருந்தினளாகிய நானும் அதே ஆட்டோவில் ஓரமாக ஒடுங்கியிருந்தேன்.

"மாப்பிள்ளை வீட்டு சனம் மொத்தமும் நாகர்கோவில்லேருந்து வந்துகீது. கேக் சாஞ்சா எங்க மானம் சாஞ்சிடும். பாத்து ஓட்டு, பாய்."

"நான் கீறேன்ல? கவலையே படாதக்கா."

'இன்ஸ்பெக்டர்' கிடக்கும் அந்தக் குறுக்குத் தெருவை அடைந்தோம். பிரிஸில்லா வழக்கம்போல் எழுந்தார். பாஷா வழக்கம்போல் வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். ஆனால், பள்ளத்தைக் காணவில்லை. முந்தைய நாள்தான் மூடியிருக்கிறார்கள். புதுத் தார் பளபளத்தது. மற்ற வண்டிகளெல்லாம் நேராகச் செல்ல, நாங்கள் மட்டும் குறுக்கே பாய்ந்தோம். பின்னால் விரைந்து வந்த ஸ்கூட்டர் வீறிட்டது. பாஷா பிரேக்கை மிதித்தார். பெட்டி, முன்னாலிருந்த கம்பியில் சென்று மோதியது.

"இன்னா நைனா, நல்லா கீற ரோட்டுல கோலம் போடுற?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டர்காரர் பறந்தார்.

பாஷா தலையை வெளியே நீட்டித் தரையைப் பார்த்தார். "அடப்பாவிங்களா! சொல்லாம கொள்ளாம மூடிட்டாங்கக்கா!"

பிரிஸில்லா மூடியைத் திறந்தார். கேக்கின் ஒரு பக்கம் நசுங்கி, அங்கிருந்த ரோஜாக்கள் மூன்றும் கிரீமுக்குள் புதைந்திருந்தன. அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணி அவர் கையைப் பற்றினேன்; அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசத்துல பள்ளம் ஒண்ணும் பண்ணல, பாய். ரோடு கவுத்துடுச்சு!"

மண்டபத்துச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நசுங்கிய பகுதியைக் கத்தியால் சீவி எடுத்தார். மிச்சக் கிரீமைப் பூசி, உதிரியாகக் கொண்டுவந்த பூக்களால் அந்த இடத்தை மறைத்தார். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி நிமிர்ந்தபோது அவர் நெற்றியிலும் கிரீம் இருந்தது. ஜோன் கேக்கை வெட்டினாள். மாப்பிள்ளையின் அத்தை இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார்.

மண்டப வாசலில் பாஷா வண்டியை விட்டு இறங்காமல், குற்றவாளியைப்போல் அமர்ந்திருந்தார். சீவி எடுத்த கேக்கைக் காகிதத்தட்டில் ஏந்தி, பிரிஸில்லா அவரிடம் சென்றார்.

"வாணாக்கா. எனக்கு சுகர் கீது."

பிரிஸில்லா அந்தத் துண்டை இரண்டாகப் பிட்டார். பெரிய பாதியைத் தம் வாயில் போட்டுக்கொண்டு, சிறிய பாதியை அவர் வாயருகே நீட்டினார்.