சுவரோரத்து லாக்கர்

லின்வுட் ஆர்சனோவின் வேலை அரை விநாடிதான். அமெரிக்கக் கால்பந்தில் கோலுக்கு உதைக்கும் நேரம் வந்தால், எட்டு கெஜம் பின்னால் ஒருவன் மண்டியிட்டுக் காத்திருப்பான். லின்வுட் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பந்தை அவன் கைக்கு எறிய வேண்டும். அவன் அதைத் தரையில் நிறுத்துவான், இன்னொருவன் உதைப்பான். சரியாக எறிந்தால் லின்வுட்டின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஒருமுறை தவறினால் நாடு முழுக்கத் தெரிந்துவிடும்.

நாலு வருடத்தில் நாலு அணிகள் அவனைக் கோடைப் பயிற்சிக்குக் கூப்பிட்டன. நாலும் ஆட்டங்கள் தொடங்குமுன் அனுப்பிவிட்டன. ஒவ்வொரு முறையும் சொந்த ஊரான ஒபலூசஸுக்குத் திரும்பி, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையில் சேர்ந்துகொண்டான். நூறு கிலோ மனிதரைக் கட்டிலில் புரட்ட, இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். பந்தெறிந்த பழக்கத்தில் அது அவனுக்குச் சொல்லித் தராமலே வந்தது. மதிய இடைவேளையில் கொல்லைப்புறத்தில் சலவைத் தள்ளுவண்டியை நிறுத்தி, அதற்குள் பந்தை எறிவான்.

"துவைச்ச துணியில மண்ணு பட்டுச்சோ, நீதான் திரும்பத் துவைக்கணும்!" என்று ஜன்னலிலிருந்து கத்துவார் தலைமைச் செவிலி மிஸ் ஓபீலியா.

ஐந்தாவது அழைப்பு வந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. "இதுவும் இல்லேன்னா பந்தைத் தூக்கிப் பரண்மேல போட்டுடறேன், மிஸ் ஓபீலியா."

"முதல்ல போ. பரண் எங்கயும் ஓடிடாது."

பயிற்சிக்கு வந்த புதியவர்களுக்கு அறையின் நடுவே இருவருக்கு ஒரு லாக்கர். அணியில் நிலைத்தவர்களுக்குச் சுவரோரம், ஆளுக்கொன்று. ஆட்களைக் குறைக்கும் நாளன்று காலையில் லாக்கர் காலியாக இருந்தால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஆட்டத் திட்டங்கள் உள்ள டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். லின்வுட் அன்று ஆறு மணிக்குப் போய்த் திறந்தான். அவன் பக்கத்தில் காலணிகூட இல்லை. டேப்லெட்டை வைத்தான், போனை அணைத்தான், மூன்றரை மணி நேரம் காரை ஓட்டினான்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே முதியோர் இல்லத்துக்குப் போனான்.

மிஸ் ஓபீலியா ஏற இறங்கப் பார்த்தார். "வந்துட்டியா? கையக் கழுவு. ரெண்டு பேர் லீவு. ஃபோன்டெனோ இன்னும் சாப்பிடல."

ஃபோன்டெனோ ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். இப்போது கரண்டியைப் பிடிக்க வராது, பேச்சு மட்டும் நன்றாக வரும். "விரட்டிட்டாங்களா? சரி, மூஞ்சிய அப்படி வச்சுக்காதே, கஞ்சி புளிச்சுடும்."

சோளக் கஞ்சி பாதி இறங்கியிருக்கும். கூடத்துத் தொலைபேசி அடித்தது.

"லின்வுட்! யாரோ ரூஃபஸாம், ரொம்பக் கத்தறான்!"

அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர் ரூஃபஸ். "எங்கடா தொலைஞ்சே? ஊரெல்லாம் போன் போட்டாச்சு!"

"லாக்கர் காலியா இருந்துச்சே அண்ணே."

"செவுத்தோரம் மாத்துனா காலியாத்தானே இருக்கும்! எட்டடி தள்ளி உன் பேரே எழுதி மாட்டியிருக்கேன், தலையத் தூக்கிப் பார்த்தியா? மூணு மணிக்குப் பயிற்சி. நீ இல்லேன்னா கோச் வேற ஆளைக் கூப்பிட்டுடுவாரு."

மணி பத்தே கால். லின்வுட் சாவியை எடுத்தான்.

"அவர் வாயைத் துடைச்சுட்டுப் போ" என்றார் மிஸ் ஓபீலியா. துடைத்தான், நிதானமாகவே துடைத்தான். இரண்டரைக்கு மைதானத்தில் இருந்தான். மூன்று மணிப் பயிற்சியில் இருபது பந்து எறிந்தான், இருபதும் கைக்குள் போய் விழுந்தன.

முதல் ஆட்டத்தில் நாலு விநாடி மிச்சம், இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். உதைத்துக் கோல் போட்டால் மூன்று புள்ளி கிடைக்கும். முதியோர் இல்லத்துக் கூடத்தில் சக்கர நாற்காலிகள் தொலைக்காட்சியை நெருக்கிக்கொண்டு நின்றன. லின்வுட் குனிந்தான், எறிந்தான். உதைத்த பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே பறந்தது. வர்ணனையாளர் உதைத்தவனைப் புகழ்ந்துகொண்டே போனார்.

"அவன் கிடக்கான்!" என்று ஃபோன்டெனோ முழங்கினார். "டிவி முழுக்கத் தெரியுதே, அது நம்ம பையனோட பின்பக்கம்!"

ஒன்பது வருடம் லின்வுட் சுவரோரத்திலேயே இருந்தான். ஓய்வுபெற்ற அன்று ரூஃபஸ் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொடுத்தார். அது இப்போது சலவைத் தள்ளுவண்டியின் முகப்பில் இருக்கிறது. மிஸ் ஓபீலியாவே நாலு திருகாணி போட்டு முடுக்கினார்.