வெள்ளைக் கோட்டின் மேல் நின்ற கார்

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் நியாயம் டீச்சர். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், நாளடைவில் ஆசிரியர் அறைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. வரலாறு சொல்லிக்கொடுக்கத்தான் அவர் படித்தார். சேர்ந்த வருஷம் வரலாற்றுக்கு வேறு ஆள் இருந்ததால், நீதிபோதனை வகுப்பைத் தலையில் கட்டினார்கள். தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகத்திலேயே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

நீதிபோதனைக்குப் பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது, அதனால் மரியாதையும் கிடையாது. பாடம் முடியாத ஆசிரியர்களுக்கெல்லாம் அந்தப் பீரியட்தான் கைக்கு எட்டியது. கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு கதவருகே வந்து நின்று, இன்னிக்கு மட்டும் டீச்சர் என்பார். அந்த 'இன்னிக்கு' வாரம் தவறாமல் வரும். டீச்சரும் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போவார்.

மிஞ்சிய வகுப்புகளில் அவர் சும்மா இருக்கவில்லை. உண்மை பேசு என்று போர்டில் எழுதிப்போட்டுவிட்டு நாற்காலியில் சாய்கிற ஆள் இல்லை அவர். அந்த வருஷம் ஏழாம் வகுப்பைக் காலையில் சீக்கிரமே வரச்சொல்லி, பள்ளி வாசலில் நிற்கவைத்தார். வாசலுக்கு எதிரே சாலையை நடந்து கடப்பவர்களுக்காக வெள்ளைக் கோடு போட்டிருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட வரும் கார்களெல்லாம் அதன் மேலேயே நின்றன. நடந்து வரும் பிள்ளைகள் காருக்கும் காருக்கும் நடுவே தலையை நீட்டி எட்டிப் பார்த்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். டீச்சர் எதுவும் விளக்கவில்லை. வகுப்புக்குத் திரும்பியதும் ஒரே கேள்விதான் கேட்டார், பார்த்தது நியாயமா என்று.

பிள்ளைகள் பதிலோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் மூன்று பேர், துடுக்குக்குப் பேர்போன ஒரு பெண்ணின் தலைமையில், கோட்டுக்குப் பக்கத்து நடைபாதையில் நின்றுகொண்டு, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க அங்கிள், இது நடக்கிறவங்களுக்கு என்று வந்த கார்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். டீச்சர் செய்யச் சொல்லவில்லை. தன் பாடம் வகுப்பறைப் படியைத் தாண்டி வெளியே போனதை இத்தனை வருஷத்தில் அன்றுதான் கண்ணால் பார்த்தார். பலர் சிரித்துக்கொண்டே தள்ளி நிறுத்தினார்கள். ஒரு அம்மா நன்றிகூடச் சொன்னார்.

இரண்டொரு நாளில் சிமெண்ட் கடைக்காரரின் கறுப்புக் கார் வந்தது. அவர் பெற்றோர் சங்கத் தலைவர், பள்ளிக்குக் குடிநீர் இயந்திரம் வாங்கிக்கொடுத்தவர். துடுக்குப்பெண் எல்லோரிடமும் சொன்னதை அவரிடமும் சொன்னாள். அவர் கண்ணாடியை இறக்கி, யார் வீட்டுப் பொண்ணு நீ என்று கேட்டாராம். ஏழாம் வகுப்பு அங்கிள் என்றாளாம் அவள்.

முதல் பீரியட் முடிவதற்குள் தலைமையாசிரியரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. யாரோடும் முட்டிக்கொள்ளாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. மூன்று பேரும் நாளைக்கு அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

"சார், கோட்டு மேல வண்டியை நிறுத்தினது அவரு."

"தெரியும் டீச்சர், எனக்கென்ன கண்ணு இல்லையா? சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"எப்படிச் சொல்லியிருக்கணும் சார்?"

"சொல்லாமலே இருந்திருக்கணும்" என்றார் அவர், ஒளிவுமறைவில்லாமல்.

டீச்சரின் கணவர் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் பார்க்கிறவர். நாள் முழுக்க நாய்க்கும் கேட்டுக்கும் நடுவே அலைந்துவிட்டு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாரிதானே, சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்றார். சொல்லவேண்டியது பிள்ளைகள் என்றார் டீச்சர். அப்படியென்றால் நீயே சொல்லிவிடு, தொல்லை விட்டது என்று அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவர் போகிறபோக்கில் சொன்னது டீச்சருக்கு ஒரு வழியாகப் பட்டது. தன் மானம் போனால் போகட்டும், பிள்ளைகள் தலைகுனிய வேண்டாம். மறுநாள் தலைமையாசிரியர் அறையில், பிள்ளைகளைத் தூண்டிவிட்டது தான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். சிமெண்ட் கடைக்காரர் பெரிய மனசோடு தலையாட்டினார். பசங்களுக்கு நல்லதைச் சொல்லிக்கொடுங்கள் என்று புத்திமதியும் சொன்னார். டீச்சருக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. இருந்தாலும் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனார்.

துடுக்குப்பெண் எழுந்து நின்றாள்.

"நீங்க சாரி சொன்னீங்களா டீச்சர்?"

"சொன்னேன்."

"அப்ப நாங்க பண்ணது தப்பா?"

"இல்லம்மா. தப்பே இல்ல."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"உங்களைக் கூப்பிட்டு நிக்க வச்சிருப்பாங்க. அதான்."

"நாங்க நின்னிருப்போம் டீச்சர். சாரி சொல்லியிருக்க மாட்டோம்."

அவ்வளவுதான். உட்கார்ந்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டீச்சர் புத்தகத்தைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தைப் படித்தார்.

அதற்குப் பிறகு அந்த மூவரும் வாசலில் நிற்கவில்லை. கார்கள் பழையபடி கோட்டின் மேல் ஏறின. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் டீச்சரே கைப்பையைத் தோளில் மாட்டியபடி கோட்டின் மேல் போய் நின்றார். கறுப்புக் கார் மூக்குக்கு நேரே வந்து நின்று ஹாரன் அடித்தது. டீச்சர் நகரவில்லை. முன்னால் போய் நிறுத்துங்க சார் என்று மட்டும் சொன்னார். சிமெண்ட் கடைக்காரரும் சொன்ன பேச்சைக் கேட்டு முன்னால் போய், பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தினார். பின்னால் பள்ளி வேன் மாட்டிக்கொண்டது. ஆளுக்கு ஒரு பக்கம் ஹாரன் அடித்தார்கள். தலைமையாசிரியர் செருப்பு பாதி கழன்றபடி ஓடி வந்தார். அவர் திட்டியது டீச்சரைத்தான்.

அடுத்த கால அட்டவணையில் நீதிபோதனைப் பீரியட்கள் பாதியாகக் குறைந்தன, மீதி கணக்குக்குப் போயின. கணக்கு வாத்தியார் இனி கதவருகே வந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

டீச்சர் இப்போதும் தினமும் போய் நிற்கிறார். சில கார்கள் தள்ளி நிற்கின்றன, பல நிற்பதில்லை. துடுக்குப்பெண் அவரைக் கடந்துதான் உள்ளே வருகிறாள். வகுப்பில் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், எழுதச் சொன்னதை எழுதுகிறாள். கேள்வி மட்டும் கேட்பதில்லை. தலைமையாசிரியரின் திட்டைக்கூட டீச்சரால் மறக்க முடிகிறது, இதை முடியவில்லை.