மிளகாய்க் குடோனில் மின்புலம்

மின்னூட்டப் பாடம் நடத்துவது எல்லா ஊரிலும் பிழைப்பு. மழைக்காலத்து மட்டாஞ்சேரியில் அது தண்டனை. டியூட்டோரியலில் சாக்பீஸ் பிடித்துக் கை வெளுத்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில், பஜாரில் ஒரு கயிற்றுக் கடையின் மாடியில், ப்ரீ-டிகிரியில் கோட்டை விட்டவர்களுக்கு நான் பிஸிக்ஸ் எடுத்தேன்.

எண்ணெய்த் தலைகள்

முன் பெஞ்சில் செல்வி. சுள்ளிக்கலில் வீடு. பகலில் மிளகாய்க் குடோனில் காம்பு கிள்ளும் வேலை, சாயங்காலம் வகுப்பு. பிஸிக்ஸில் இரண்டு தடவை போயாகிவிட்டது. நர்சிங்கில் சேர அவளுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இந்தத் தடவையும் போனால் ஆயுசுக்கும் காம்புதான்.

சீப்பைத் தலையில் தேய்த்தால் மின்னூட்டம் ஏறும், காகிதத் துண்டை இழுக்கும் என்கிறது புத்தகம். என் தலையில் தேய்த்தேன், காகிதம் அசையவில்லை. ஈரக் காற்றில் மின்னூட்டம் கசிந்துவிட்டது என்று சமாளித்து, மாணவர்களின் தலையிலும் வரிசையாகத் தேய்த்தேன். கடைசியில் ஒரு துண்டு வந்து ஒட்டியது. "பார்த்தீங்களா!" என்று கூத்தாடினேன். செல்வி சீப்பை வாங்கித் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது மின்னூட்டம் இல்ல சாரே, வெளிச்செண்ணெய்."

தேங்காயெண்ணெய் வைக்காத ஒரு தலை அந்த வகுப்பில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வேற ஊருத் தலைக்குப் போட்ட பாடம் போல சார்" என்று ஆறுதலும் சொன்னாள்.

ஊறுகாய் பாட்டில்

கெமிஸ்ட்ரி எடுத்த வர்கீஸ் சார் என் அவஸ்தையைப் பார்த்து, ஒரு ஊறுகாய் பாட்டிலில் கம்பி இறக்கி, அதன் நுனியில் சிகரெட் பெட்டித் தகடு இரண்டைத் தொங்கவிட்டு மின்காட்டி செய்து கொடுத்தார். தகடுகள் ஒரு கணம் விரியும், உடனே சோர்ந்து விழும். பாட்டிலில் உப்பு மிச்சம் இருந்து ஈரத்தை இழுக்கிறது என்று கண்டுபிடித்தவரும் அவரே. கழுவி, சாயாக்கடை அடுப்புப் பக்கத்தில் காய வைத்தோம். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கம்பளியில் தேய்த்துக் கம்பியில் தொட்டதும், தகடுகள் இரண்டும் விறைத்து விலகி நின்றன. சாயா குடித்தவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியே விட்டது. வர்கீஸ் சார் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை: "எடோ, ஒரே இனம்னா விலகத்தான் செய்யும். நானும் என்டெ கூடப்பொறந்த சேட்டனும் சொத்தைப் பாகம் பிரிச்சது பின்ன எதுக்காம்?"

கோடு எங்கே?

மின்புலத்தில் செல்வி மாட்டிக்கொண்டாள். பலகை நிறைய நான் போட்ட அம்புக் கோடுகளைக் காட்டி, "இதெல்லாம் நெசத்துல எங்க சார் இருக்கு?" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பதில் தெரியாத வாத்தியாருக்கு வேறென்ன வரும்?

மறுநாள் அவளே வந்து சொன்னாள். "குடோன் பக்கத்துல போனா தும்மல் ஜாஸ்தி, தள்ளிப் போனா கொறவு. தும்ம ஆளே இல்லாட்டியும் நெடி அங்க இருக்கும்ல? அதான் புலம். தும்முற மூக்குதான் நீங்க சொன்ன சோதனை மின்னூட்டம்." அசந்துபோனேன். இத்தனை வருஷம் நான் மனப்பாடமாக ஒப்பித்ததை அவள் மூக்கால் பிடித்துவிட்டாள். இருந்தாலும் வாத்தியார் புத்தி விடுமா? நெடி காற்றடிக்கும் பக்கம் போகும், புலம் போகாது. நெடிக்கு இழுக்கவும் தள்ளவும் தெரியாது என்றேன். "எல்லாமே பொருந்திச்சுன்னா அது உதாரணமா சார்? அதேதான்னு ஆயிராதா?" என்று திருப்பிக் கேட்டாள்.

தாளில் தும்மல்

பரீட்சை முடிந்த கையோடு டியூட்டோரியலுக்கு வந்தாள். மின்புலம் கேட்டிருந்தார்களாம். வரையறை எழுதி, படம் போட்டு, கீழே மிளகாய்க் குடோனையும் விஸ்தாரமாக எழுதிவிட்டாளாம். திருத்துகிறவர் கோபக்காரராக இருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போச்சே! ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பாட்டுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

பாஸ். அதுவும் பிஸிக்ஸில்தான் மார்க் அதிகம். குடோனிலிருந்து அப்படியே ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "திருத்துன சாருக்கும் நம்மள மாதிரி மூக்கு இருந்திருக்கு சாரே!"

மறுவருஷம் அந்தப் பாடத்தை நான் மிளகாயில்தான் ஆரம்பித்தேன், யாருடைய உதாரணம் என்று கேட்டவர்களிடம் மட்டும் அதை நானே கண்டுபிடித்த பெரிய விஞ்ஞானியைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.